கோலசிலாங்கூர் பக்கம் சுற்றிப் பார்க்கவும் குடிவரவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் புக்கிட் ரோத்தான் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள். கல்யாணமான பிறகும் தூரமாகப் போகவில்லை, பட்டணத்தை ஒட்டிய தாமானில் (குடியிருப்புப் பகுதியில்)தான் வீடு. பள்ளி விடுமுறை வந்தால் போதும், கோலாலம்பூர், ஜொகூர் சொந்தக்காரர்கள், பழைய தோழிகள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று வரிசையாகப் போன் வரும். இப்போது குடிவர நினைப்பவர்களும் கேட்கிறார்கள். கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள். அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன்.

புக்கிட் ரோத்தான் எங்கே இருக்கு? ஒரே நாள்ல போயிட்டு வந்துடலாமா?

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், கோலசிலாங்கூர் மாவட்டத்தில் இருக்கிறது. கோலாலம்பூரிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடப் பிடிக்கும். 2011இல் திறந்த லாத்தார் நெடுஞ்சாலையில் வந்தால் ஈஜோக் வரை சுலபம், அதற்கப்புறம் சாதாரணச் சாலை. கிள்ளான் பக்கமிருந்து வருபவர்கள் காப்பார், ஜெராம் வழியாகக் கடலோரச் சாலையில் வரலாம். தூரம்தான், ஆனால் மீன் சாப்பிட நினைப்பவர்களுக்கு அந்த வழியே நல்லது.

ஒரே நாளில் போய்வரலாம். ஆனால் இங்கே ஆற்றோர மரங்களில் கூடும் மின்மினியைப் பார்க்க இரவு வேண்டும். அதனால் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்பி, இரவு பத்து மணிக்குத் திரும்புகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

கடலோரம்னு சொல்றீங்க, பீச் எங்கே அக்கா? பிள்ளைங்களைக் குளிக்க விடலாமா?

வெள்ளை மணலை நினைத்து வராதீர்கள். இது சேற்றுக் கடல். மலாக்கா நீரிணை இந்தப் பக்கம் ஆழம் குறைந்தது, ஆறுகள் கொண்டுவரும் வண்டல் கரையிலேயே படிகிறது. கரை நெடுகக் கண்டல் காடு. தண்ணீர் வற்றினால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை சேறுதான். காலை வைத்தால் முழங்கால் வரை இறங்கும். பிள்ளைகளைக் குளிக்க விடாதீர்கள்.

ஆனால் அந்தச் சேறுதான் இந்த ஊரின் சொத்து. சிப்பி, நண்டு, இறால் எல்லாம் அதிலிருந்துதான். ஜெராமில் பந்தாய் ரெமிஸ் பக்கம் கடைகளில் மாலையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே சூரியன் இறங்குவதைப் பார்க்கலாம். கொக்கும் நாரையும் பார்க்க ஆசையென்றால் கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்காவுக்குப் போங்கள். 1987 முதல் அதைப் பார்த்துக்கொள்வது மலேசிய இயற்கைச் சங்கம். கண்டல் மரங்களுக்கு நடுவே பலகைப் பாதையில் நடக்கலாம். கொசு மருந்து பூசிக்கொண்டு போங்கள்.

‘ஸ்கை மிரர்’ பார்க்கணும்னு போன வாரம் வந்தோம். வெறும் கடல்தான் இருந்துச்சு. ஏமாத்திட்டாங்களா?

எந்தத் தேதியில் வந்தீர்கள் என்று கேட்டேன். அரை நிலா நாள். அதுதான் காரணம்.

ஜெராமை ஒட்டிய சசாரான் கடலுக்குள் ஒரு மணல்திட்டு இருக்கிறது, அதைத்தான் ‘ஸ்கை மிரர்’ என்கிறார்கள். எப்போதும் அது தண்ணீருக்கு அடியில்தான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய சில நாட்களில் சூரியனும் சந்திரனும் சேர்ந்து இழுப்பதால் கடல் ரொம்பவும் ஏறும், அதே அளவுக்கு ரொம்பவும் வற்றும். அப்படி வற்றுகிற சில மணி நேரம்தான் திட்டு வெளியே வரும். மேலே மெல்லிய தண்ணீர்ப் படலம் நிற்கும், காற்று இல்லையென்றால் வானம் அப்படியே காலடியில் விழும். அரை நிலா நாளில் கடல் அரைகுறையாகத்தான் வற்றும், திட்டு தலைகாட்டாது.

இதற்குத் தனியாக எதுவும் கற்றுக்கொள்ள வேண்டாம். வீட்டுச் சமையலறையில் தொங்குகிற தமிழ் நாட்காட்டியே போதும். அமாவாசையோ பௌர்ணமியோ எந்த நாள் என்று பார்த்துவிட்டுப் படகுக்காரரிடம் நேரம் கேளுங்கள். அமாவாசையைத் தேர்ந்தெடுத்தால் இன்னொரு லாபமும் உண்டு, அடுத்த பதிலைப் பாருங்கள்.

மின்மினி எப்ப வந்தா நல்லா தெரியும்? போட்டோ எடுக்கலாமா?

நிலா இல்லாத இரவு, மழை இல்லாத இரவு. அப்படியென்றால் அமாவாசை வாரம். பகலில் மணல்திட்டு, இரவில் மின்மினி என்று ஒரே பயணத்தில் இரண்டையும் பார்க்கலாம். சிலாங்கூர் ஆற்றோரக் கிராமமான கம்போங் குவாந்தானில் துடுப்புப் படகில் நாலு பேராக ஏற்றிக்கொண்டு போவார்கள். இருட்டிய பிறகு எட்டு மணி வாக்கில் போனால் சரியாக இருக்கும். கனமழை பெய்தால் அவையும் ஒதுங்கிவிடும், படகும் ஓடாது.

ஆற்றோரம் இருக்கும் பெரெம்பாங் மரங்களில்தான் அவை கூடும். ஆண் மின்மினிகள் பெண்ணை அழைக்க ஒன்றாகச் சேர்ந்து மின்னும். முழு மரமும் ஒரே நேரத்தில் எரிந்து அணையும். நான் சின்ன வயதில் அப்பாவோடு மோட்டாரில் வரும்போது இதைப் பார்த்து, தீபாவளிக்கு யாரோ விளக்குக் கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்திருக்கிறேன்.

படம் எடுக்க வேண்டாம். கைப்பேசியில் விழாது, வெளிச்சம் அடித்தால் அவற்றின் பேச்சு குழம்பிப்போகும். பிடித்துப் பாட்டிலில் போடவும் கூடாது. பிள்ளைகளிடம் படகில் ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள், ஏறிய பிறகு சொன்னால் கேட்க மாட்டார்கள்.

முன்ன மாதிரி இல்லைன்னு பேசிக்கிறாங்களே, உண்மையா?

உண்மைதான். என் வயதுக்காரர்கள் யாரைக் கேட்டாலும் அதையே சொல்வார்கள். நாம் பார்ப்பது வளர்ந்த மின்மினியை மட்டும். அதன் புழு ஆற்றோர ஈர மண்ணில், நிப்பாவுக்கும் புல்லுக்கும் நடுவே, சின்ன நத்தைகளைத் தின்று வளர்கிறது. மரத்தை மட்டும் விட்டுவிட்டு அதன் பின்னால் இருக்கிற புதரை வெட்டிச் செம்பனை (எண்ணெய்ப்பனை) நட்டால் புழுவுக்கு இடமில்லை. கடல் உப்பும் ஆற்று நல்ல தண்ணீரும் கலக்கிற அளவு மாறினாலும் பெரெம்பாங் தாங்காது. கரையை அப்படியே விட்டுவைப்பதுதான் இதற்கு வழி. பார்க்க வருகிற ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்பது என் ஆசை.

மலாவத்தி குன்றுல குரங்குக்குப் பயறு கொடுக்கலாம்னு சொன்னாங்க?

கொடுக்க வேண்டாம் என்பதே என் பதில். அங்கே இரண்டு வகை உண்டு. சாம்பல் நிறத்தில் சாதுவாக இருப்பது லோத்தோங். அதன் குட்டி பிறக்கும்போது ஆரஞ்சு நிறம், சில மாதங்களில் சாம்பலாகிவிடும். பார்க்கவே அவ்வளவு அழகு. இன்னொன்று நீளவால் குரங்கு, கைப்பையையே பிடுங்கும். லோத்தோங் இலை தின்கிற பிராணி. நாம் கொடுப்பதெல்லாம் அதன் வயிற்றுக்கு ஆகாது.

குரங்குக்காக மட்டும் மேலே போகாதீர்கள். அது பழைய கோட்டை. 1784இல் டச்சுக்காரர்கள் பிடித்து வைத்திருந்தார்கள். 1907இல் கட்டிய கலங்கரை விளக்கம் இன்னும் நிற்கிறது. அங்கிருந்து பார்த்தால் ஆறு கடலில் கலக்கிற இடம் தெரியும்.

கார் இல்லாம வர முடியுமா?

வரலாம், ஆனால் திரும்பிப் போவது கஷ்டம். பஸ் உண்டு, நேரம் குறைவு. இரவு மின்மினி பார்த்த பிறகு கிராப் வாடகைக் கார் கிடைப்பது அரிது. நாலு பேர் சேர்ந்து ஒரு காரில் வாருங்கள்.

எங்க தாத்தா இந்தப் பக்கத் தோட்டத்துல பிறந்தவர். உள்ளே போய்ப் பார்க்க முடியுமா?

இந்தக் கேள்வி வந்தால் எந்த வேலையையும் விட்டுவிட்டுப் பதில் சொல்வேன். முதலில் தோட்டத்தின் பெயரைச் சரியாகக் கண்டுபிடியுங்கள். நம் ஆட்கள் சொல்கிற பெயர் ஒன்று, அலுவலகப் பெயர் இன்னொன்று. தாத்தாவின் பிறப்புப் பத்திரத்தில் பிறந்த இடம் எழுதியிருக்கும். அதை எடுத்துப் பாருங்கள். அது இல்லையென்றால் படித்த தமிழ்ப்பள்ளியின் பெயராவது வேண்டும்.

தோட்டம் தனியார் நிலம். சாவடியில் ஜாகா (காவலாளி) இருப்பார். விவரம் சொன்னால், குறிப்பாகக் கோயிலுக்குப் போகிறோம் என்றால், பெரும்பாலும் விடுவார்கள். முன்னாடியே ஆபீசில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் இன்னும் நல்லது. செம்பனைக் குலை வெட்டுகிற இடத்தில் மரத்தடியில் நிற்காதீர்கள். ஒரு குலை இருபது கிலோவுக்கு மேலேகூட வரும், உயரத்திலிருந்து விழுகிறது.

லயம் இருக்காது என்று மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள். கித்தா (ரப்பர்) மரங்களை அழித்துச் செம்பனை நட்டபோதே பல லயங்கள் போய்விட்டன. மிஞ்சியிருப்பது கோயிலும், ஒரு கிணறும், யாரோ நட்ட மாமரமும்தான். என் பாட்டி இருந்த வீடு இன்று செம்பனை வரிசையில் ஓர் இடம். பெரியம்மா நட்ட மாமரம் நிற்பதால்தான் எனக்கு அந்த இடம் தெரிகிறது. கூட ஒரு வயதானவரை அழைத்துப் போங்கள். அவர் கை நீட்டிக் காட்டாவிட்டால் நமக்கு எல்லாம் ஒரே மாதிரித்தான் தெரியும்.

பெஸ்தாரி ஜெயா பக்கம் போனால் தென்னமரம் தோட்டத்தைக் கடந்து போவீர்கள். ஊரின் பழைய பெயர் பத்தாங் பெர்ஜுந்தை, பெரியவர்கள் இன்னும் அப்படித்தான் சொல்வார்கள். 1917இல் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் அந்தத் தோட்டத்தில் நட்டதுதான் இந்த நாட்டில் வியாபாரத்துக்காக நட்ட முதல் செம்பனை. தமிழ்ப் பெயர் கொண்ட ஒரு தோட்டத்தில் தொடங்கியதுதான் இன்று நாடு முழுக்கப் பரவியிருக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

தோட்டத்துத் திருவிழாவுக்கு வெளியூர் ஆள் வந்தா தப்பா நினைப்பாங்களா?

சந்தோஷப்படுவார்கள். தோட்டத்தை விட்டுப் போனவர்கள் எல்லாம் திரும்பி வருகிற ஒரே நாள் அதுதான். ஆடி மாதம் கூழ் ஊற்றுவது, தீமிதி, காவடி என்று கோயிலுக்குக் கோயில் மாறும். தேதியைக் கோயில் தலைவரிடம் கேளுங்கள். அன்னதானத்துக்கு அரிசியோ காய்கறியோ கொடுக்க நினைத்தால் முதல் நாளே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள், அன்றைக்குக் கொண்டுபோனால் சமைக்க நேரமிருக்காது. முனீஸ்வரன் சந்நிதியில் படம் எடுக்கும் முன் கேளுங்கள், சில இடங்களில் விட மாட்டார்கள்.

சரி, குடிவரலாம்னு நினைக்கிறோம். வேலை கிடைக்குமா?

தோட்ட வேலையை நினைத்து யாரும் வருவதில்லை. குலை வெட்டுவதும் சுமப்பதும் இப்போது பெரும்பாலும் இந்தோனேசியா, வங்காளதேசத் தொழிலாளர்கள்தான். நம் ஆட்கள் ஈஜோக், புன்சாக் ஆலாம், சுங்கை பூலோ பக்கத் தொழிற்சாலைகளுக்குப் போய்வருகிறார்கள். பெஸ்தாரி ஜெயாவில் சிலாங்கூர் பல்கலைக்கழக வளாகம் இருக்கிறது, அதைச் சுற்றிக் கடைகள் நடத்துகிறவர்களும் உண்டு. வாடகையில் மிச்சமாவதைப் பெட்ரோலும் டோலும் எவ்வளவு சாப்பிடும் என்று வருவதற்கு முன்பே கணக்குப் போட்டுவிடுங்கள். வீட்டில் இரண்டு பேர் வேலைக்குப் போகிறவர்கள் என்றால் இரண்டு வண்டி வேண்டும்.

தமிழ்ப்பள்ளி இருக்கா? சின்னப் பள்ளியா இருக்கேன்னு பயமா இருக்கு.

இருக்கிறது, ஒன்றல்ல. பட்டணத்திலும் உண்டு, தோட்டப் பெயரோடு நிற்கிற பள்ளிகளும் உண்டு. மாணவர் எண்ணிக்கை 150க்குக் கீழே இருந்தால் குறைந்த மாணவர் பள்ளி என்று சொல்வார்கள். இந்தப் பக்கம் அப்படிப்பட்டவை உண்டு. சின்னப் பள்ளி என்று பயப்பட வேண்டாம். ஆசிரியருக்கு ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் வீடும் தெரியும். நீங்கள் ஒரு பிள்ளையைச் சேர்ப்பது அந்தப் பள்ளி நிலைத்து நிற்க உதவும். போக்குவரத்துக்கு வேன் உண்டா என்பதை மட்டும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் எல்லாம் மலாயில்தான். அங்கே தமிழை ஒரு பாடமாகப் படிக்க, குறைந்தது 15 பிள்ளைகளின் பெற்றோர் கேட்க வேண்டும் என்று கல்விச் சட்டம் சொல்கிறது. அதனால் சேர்த்த முதல் வாரமே மற்றப் பெற்றோரோடு பேசுங்கள். நாம் கேட்காமல் விட்டால் வகுப்பு தானாக வராது.

ஆஸ்பத்திரி?

மாவட்ட ஆஸ்பத்திரி தஞ்சோங் காராங்கில். பெரிய சிகிச்சை என்றால் சுங்கை பூலோ அல்லது கிள்ளானுக்கு அனுப்புவார்கள். வீட்டில் இருதய நோயாளி, டயாலிசிஸ் போகிறவர் இருந்தால் அந்தத் தூரத்தை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

குழாய்த் தண்ணி அடிக்கடி நின்னு போகுமாமே?

சில நேரம் நிற்கும், ஆனால் அது எங்கள் ஊருக்கு மட்டுமல்ல. பெஸ்தாரி ஜெயாவில் சிலாங்கூர் ஆற்றிலிருந்து எடுத்துச் சுத்திகரிக்கிற தண்ணீரைத்தான் கிள்ளான் பள்ளத்தாக்கின் பெரும்பகுதி குடிக்கிறது. 2020 செப்டம்பரில் ரவாங் பக்கம் கழிவு ஆற்றில் கலந்து நாலு நிலையங்களை மூடியபோது பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்குத் தண்ணீர் நின்றது. நீங்கள் கோலாலம்பூரில் இருந்தாலும் இதே ஆறுதான். ஒரு தொட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளம் வருமா? வாடகை வீடு பார்க்கும்போது எப்படித் தெரிஞ்சுக்கறது?

இரண்டு விதத் தண்ணீர் உண்டு. ஒன்று மழையால் ஆறு நிறைந்து வருவது. 2021 டிசம்பரில் சிலாங்கூர் முழுக்கப் பார்த்தது அந்த வகை. இன்னொன்று கடல் ஏறுவது. கரையோரம் நிலம் ரொம்பத் தாழ்வு, மண் வரப்புதான் கடலைத் தடுத்து வைத்திருக்கிறது. மதகுகளைக் கடல் ஏறும்போது மூடி, இறங்கும்போது திறப்பார்கள். கடல் ஏறியிருக்கிற நேரத்தில் கனமழையும் சேர்ந்தால் சாக்கடைத் தண்ணீர் போக வழியில்லாமல் நிற்கும்.

அதனால் வீட்டை ஞாயிற்றுக்கிழமை காலை வெயிலில் போய்ப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்காதீர்கள். மணல்திட்டுக்குச் சொன்ன அதே நாட்காட்டிக் கணக்குதான். அமாவாசைக்கு அடுத்த நாளோ அதற்கு மறுநாளோ மாலை ஆறு மணி வாக்கில் போங்கள். இந்தக் கரையில் அப்போது கடல் நன்றாக ஏறியிருக்கும். சாக்கடையில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பாருங்கள். சுவரின் அடியில் கறைக் கோடு இருக்கிறதா, பக்கத்து வீட்டில் குளிர்பெட்டியைக் கல் மேல் தூக்கி வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். வீட்டுக்காரர் சொல்வதைவிடப் பக்கத்து வீட்டுப் பாட்டி சொல்வது சரியாக இருக்கும்.

பாம்பு, கொசு, வாடை எல்லாம் எப்படி?

மூன்றும் உண்டு. செம்பனைப் பழம் விழுகிற இடத்தில் எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். தோட்டங்களில் கம்பத்தின் மேல் பெட்டி வைத்திருப்பதைப் பார்ப்பீர்கள், அது எலி பிடிக்கிற ஆந்தைக்கு வைத்த வீடு. வீட்டைச் சுற்றிப் புல்லை வெட்டி, செருப்பை உதறிவிட்டுப் போட்டால் போதும். வாடை என்பது எண்ணெய் ஆலையின் கழிவுக் குளம். காற்று எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் அடிக்கும், மழைக்குப் பிறகு கூடுதல். ஜூன் முதல் செப்டம்பர் வரை சில ஆண்டுகளில் சுமத்ராவிலிருந்து புகைமூட்டமும் வரும். ஆஸ்துமா உள்ள பிள்ளை இருந்தால் யோசியுங்கள். உப்புக் காற்றில் ஜிங்க் கூரையும் மோட்டாரும் சீக்கிரம் துருப்பிடிக்கும்.

நிலம் இவ்வளவு மலிவா இருக்கே, வாங்கிப் போட்டா என்ன?

மலிவாக இருந்தால் முதலில் ஏன் என்று கேளுங்கள். இங்கே பல இடங்கள் மலாய் ஒதுக்கீட்டு நிலம், அதாவது மலாய்க்காரர்களுக்கு என்று ஒதுக்கியது. 1913இல் வந்த சட்டத்திலிருந்து தொடர்கிற ஏற்பாடு அது. நாம் பணம் கொடுத்தாலும் நம் பெயருக்கு மாறாது. சில தாமான்களில் பூமிபுத்ரா (மலாய்க்காரர்கள், பூர்வகுடிகள்) ஒதுக்கீட்டு வீடுகளும் உண்டு, அவற்றை நமக்கு விற்க மாநில அரசின் அனுமதி வேண்டும்.

நானும் என் கணவரும் இதில் அடிபட்டவர்கள். ஒரு ஏஜெண்டு காட்டிய வீடு, விலை பிடித்தது, அன்றே மூவாயிரம் வெள்ளி (ரிங்கிட்) முன்பணம் கொடுத்தோம். வக்கீல் பத்திரத்தைப் பார்த்த பிறகுதான் ஒதுக்கீட்டு நிலம் என்று தெரிந்தது. எட்டு மாதம் அலைந்து பாதிப் பணம்தான் திரும்பி வந்தது. அந்தப் பணம் என் மூத்தவளின் கல்லூரிக்கு வைத்தது. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்: முன்பணத்துக்கு முன்னால் நில அலுவலகத்தில் அந்தப் பத்திர எண்ணைக் கொடுத்து அதிகாரப்பூர்வமாகத் தேடச் சொல்லுங்கள். கட்டணம் சொற்பம். அதில் நாலு விஷயம் பாருங்கள்: ஒதுக்கீடு உண்டா, நிரந்தர உரிமையா குத்தகையா, குத்தகை என்றால் இன்னும் எத்தனை ஆண்டு, விவசாய நிலமா குடியிருப்பு நிலமா. விவசாய நிலத்தில் நினைத்தபடி வீடு கட்ட முடியாது, வகை மாற்ற வேண்டும், அதற்குத் தனிச் செலவு. அப்புறம், வெள்ளத்தைப் பற்றிச் சொன்ன பதிலை நிலத்துக்கும் பொருத்திப் பாருங்கள்.

அப்பா தோட்டத்துல முப்பது வருஷம் வேலை செஞ்சாரு. ரிட்டையர் ஆனதும் வீட்டைக் காலி பண்ணணும்னு சொல்றாங்க. அந்த வீடு எங்களுக்கு இல்லையா?

கேட்கவே மனசு வலிக்கிற கேள்வி. ஆனால் நேராகச் சொல்கிறேன். லயத்து வீடு வேலையோடு சேர்ந்தது. வேலை முடிந்தால் வீடும் நிர்வாகத்துக்குத்தான். முப்பது வருஷம் கோலம் போட்ட வாசல் என்பது மனசுக்குச் சொந்தம், பத்திரத்தில் இல்லை. வாய்மொழியாக யாராவது ‘இருந்துக்கலாம்’ என்று சொல்லியிருந்தால் அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தொழிற்சங்க உறுப்பினர் என்றால் காலி செய்யும் கடிதம் வந்த அன்றே சங்க அலுவலகத்துக்குக் கொண்டுபோங்கள், கெடு முடியும்வரை வைத்திருக்காதீர்கள்.

வேலையில் இன்னும் சில ஆண்டு இருப்பவர்களுக்கு: ஓய்வு வயது 60 என்றால் 45இலேயே வீடு தேடத் தொடங்குங்கள். ஊழியர் சேமநிதியில் வீடு வாங்க எடுக்கிற பகுதி ஒன்று இருக்கிறது, அதைக் கல்யாணச் செலவுக்குக் கரைத்துவிடாதீர்கள். பிள்ளைகள் பட்டணத்தில் வேலை செய்தால் அவர்கள் பெயரையும் சேர்த்துக் கடன் எடுக்கலாம். மாநில அரசின் மலிவு விலை வீட்டுக்கு முன்கூட்டியே பதிந்து வையுங்கள், வரிசை நீளம். எங்கள் தாமானில் இப்படி வந்த குடும்பங்கள் ஏழெட்டு இருக்கின்றன. தோட்டத்து வீட்டிலிருந்து எடுத்து வந்த கறிவேப்பிலைக் கன்று எல்லோர் வாசலிலும் நிற்கிறது.